வெப்பமாதலும் வாசகர் ஐயங்களும்

புவி வெப்பமாதல் குறித்து இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் ஐயம் தெரிவிப்பவையே மிகுதி. சிலர் கோபத்துடன் எழுதுகிறார்கள். சிலர் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்கிறார்கள். இரு வகைக் கடிதங்களிலிருந்தும் எடுத்த கேள்விகளுக்கு இம்முறை முழுப் பகுதியையும் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: தொழிற்சாலைகள் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பனியுகங்கள் வந்தன, போயின. இயற்கையாக நடக்கும் மாற்றத்துக்கு மனிதனைப் பொறுப்பாக்குவது ஆணவம் அல்லவா?

பதில்: காலநிலை தானாகவும் மாறும் என்பதை நமக்குச் சொல்லிக்கொடுத்ததே இன்று எச்சரிக்கை விடுக்கும் இந்தத் துறைதான். பூமியின் சுற்றுப்பாதையிலும் அச்சுச் சாய்விலும் பல்லாயிரம் ஆண்டுகளில் நேரும் சிறு மாறுதல்களோடு பனியுகங்களை இணைத்துக் கணக்கிட்டவர் செர்பிய அறிஞர் மிலுட்டின் மிலன்கோவிச். கடைசிப் பனியுகத்தின் உச்சத்திலிருந்து பூமி மீண்டபோது சராசரி வெப்பநிலை 5 முதல் 7 டிகிரி வரை உயர்ந்தது. அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் பிடித்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இன்றுவரை, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குள், 1 டிகிரிக்கும் மேல் உயர்ந்துவிட்டது. சுற்றுப்பாதை மாறுதல்கள் இந்த வேகத்தில் செயல்படுவதில்லை. போதாததற்கு, அவை இப்போது பூமியை மிக மெல்லக் குளிர்விக்கும் திசையில்தான் இருக்கின்றன.

சூரியன் காரணமாக இருக்கலாமே என்பது நியாயமான அடுத்த கேள்வி. 1978 முதல் சூரியக் கதிர்வீச்சின் அளவைச் செயற்கைக்கோள்கள் வளிமண்டலத்துக்கு வெளியிலிருந்து அளந்துவருகின்றன. பதினோரு ஆண்டுச் சுழற்சியில் அது சுமார் 0.1 சதவீதம் ஏறி இறங்குகிறதே தவிர, வெப்பநிலையைப் போல ஏறுமுகமாகச் செல்லவில்லை. எனினும் எனக்கு இதைவிட வலுவானதாகத் தோன்றும் சான்று வேறொன்று. சூரியன்தான் சூடேற்றுகிறது என்றால் வளிமண்டலத்தின் கீழடுக்கும் மேலடுக்கும் சேர்ந்தே சூடாக வேண்டும். கரியமில வாயு சூடேற்றுகிறது என்றால், தரையும் அதையொட்டிய காற்றும் சூடாகும் அதே வேளையில், அதற்கு மேலுள்ள அடுக்குமண்டலம் குளிர வேண்டும். காலநிலை ஆய்வாளர்கள் சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967இல் தங்கள் கணக்கிலிருந்து இதைச் சொன்னபோது, சரிபார்க்கப் போதிய அளவீடுகள் எவரிடமும் இல்லை. பின்னர் வந்த அளவீடுகள் அடுக்குமண்டலம் குளிர்ந்துவருவதையே காட்டின. அந்தக் குளிர்ச்சியில் ஓசோன் குறைந்ததற்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் ஓசோன் மெல்ல மீளத் தொடங்கிய பின்னரும் மேல் உயரங்களில் குளிர்ச்சி தொடர்கிறது. மனாபே 2021இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

காற்றில் கூடியிருக்கும் கரியமில வாயு எரிமலைகளிலிருந்து வந்திருக்கலாம் என்றும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். எரிமலைகள் ஆண்டுதோறும் வெளிவிடுவது மனிதர் வெளிவிடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. தவிர, நிலக்கரியும் எண்ணெயும் மிகப் பழையவை என்பதால் அவற்றில் கதிரியக்கக் கார்பன்-14 எஞ்சியிருக்காது. அவற்றை எரிக்க எரிக்கக் காற்றிலுள்ள கரியமில வாயுவில் கார்பன்-14இன் விகிதம் குறைய வேண்டும். அப்படிக் குறைந்திருப்பதை ஹான்ஸ் சூஸ் 1955இலேயே மரங்களின் வளையங்களில் கண்டறிந்தார்.

கேள்வி: காற்றில் வெறும் 0.04 சதவீதம் இருக்கும் ஒரு வாயு உலகத்தையே சூடாக்கும் என்பதைப் படித்தவர்கள் எப்படி நம்புகிறார்கள்?

பதில்: உலர்ந்த காற்றில் 99 சதவீதமாக இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் தரையிலிருந்து வெளியேறும் அகச்சிவப்புக் கதிரை ஏறக்குறைய தடுப்பதே இல்லை. ஆகவே வெப்பத்தைப் பிடித்து வைக்கும் கணக்கில், அளவில் அவை எவ்வளவு பெரியவையாயினும், அவற்றுக்கு இடமில்லை. எஞ்சியிருக்கும் சொற்ப வாயுக்களே அந்த வேலையைச் செய்கின்றன. கரியமில வாயு அடைத்த குடுவை வெயிலில் மற்றவற்றைவிட அதிகமாகச் சூடாவதை யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1856இல் பதிவுசெய்தார். வாயுக்கள் வெப்பக் கதிரை உறிஞ்சுவதை ஜான் டிண்டால் 1859இல் ஆய்வகத்தில் அளந்தார். இந்த வாயுக்கள் அறவே இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை இப்போதுள்ள சுமார் 15 டிகிரிக்குப் பதிலாக உறைநிலைக்குக் கீழே 18 டிகிரியாக இருக்கும். 'வெறும்' என்று நீங்கள் தள்ளிவிடும் அளவுதான் கடல்கள் உறைந்துபோகாமல் காத்துவருகிறது.

நீராவிதான் முதன்மையான பசுங்குடில் வாயு என்று அடுத்து எழுதுவீர்கள், அதுவும் சரியே. ஆனால் காற்றில் எவ்வளவு நீராவி தங்கும் என்பதைக் காற்றின் வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. மிகுந்தது சில நாட்களில் மழையாகிவிடும். கரியமில வாயு அப்படி விழுந்துவிடுவதில்லை. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்காக இருந்த அது, ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958இல் அளக்கத் தொடங்கியபோது 315ஆக இருந்தது; இப்போது 420ஐக் கடந்துவிட்டது.

கேள்வி: இந்த ஆண்டு குளிர் வாட்டி எடுத்ததே, எங்கே போயிற்று உங்கள் வெப்பமாதல்?

பதில்: உலகின் மறுபாதிக்குப் போயிருக்கும். சராசரி என்பது எல்லா இடங்களையும் சேர்த்து எடுப்பது.

கேள்வி: 1970களில் பனியுகம் வரப்போகிறது என்று இதே விஞ்ஞானிகள்தானே பயமுறுத்தினார்கள்? அன்று குளிர், இன்று வெப்பம், நாளை என்னவோ?

பதில்: பயமுறுத்தியவை பெரும்பாலும் பத்திரிகைகள்; பத்திரிகைக்காரனாக இதை எழுதுவதில் எனக்குப் பெருமை இல்லை. 1965 முதல் 1979 வரை வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்த ஓர் ஆய்வு 2008இல் வெளியாயிற்று. அதன்படி குளிர்ச்சியை முன்னுரைத்தவை 7, வெப்பமாதலை முன்னுரைத்தவை 44, எப்பக்கமும் சாயாதவை 20. அந்த ஏழும் அடிப்படையற்றவை அல்ல. நிலக்கரிப் புகையிலிருந்து வரும் கந்தகத் துகள்கள் சூரிய ஒளியைத் திருப்பியனுப்பிப் பூமியைக் குளிர்விக்கும் என்பது இன்றும் ஏற்கப்பட்ட உண்மை. துகள்களின் குளிர்ச்சி வெல்லுமா, வாயுவின் வெப்பம் வெல்லுமா என்பதே அன்றைய விவாதம். அது முடிந்து வெகுகாலமாகிறது.

கேள்வி: வெப்பநிலைப் பதிவுகளை விஞ்ஞானிகள் 'திருத்துகிறார்கள்' என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். 2009இல் கசிந்த, காலநிலை ஆய்வாளர்களின் மின்னஞ்சல்களும் அதைத்தானே காட்டின? திருத்திய கணக்கை நம்பச் சொல்வது என்ன நியாயம்?

பதில்: வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஏனெனில் இது சோதித்துப் பார்க்கக்கூடிய ஐயம். சிலர் உண்மையில் சோதித்தும் பார்த்தார்கள்.

முதலில் திருத்தம் ஏன் தேவைப்படுகிறது என்று பார்ப்போம். ஒரு நூற்றாண்டுக்கு முன் கப்பல்களில் வாளியால் கடல்நீரை மொண்டு வெப்பமானியை விட்டார்கள். மேலே தூக்குவதற்குள் நீர் ஆவியாகிச் சற்றே குளிர்ந்துவிடும். பின்னர் எஞ்சினுக்கு உறிஞ்சப்படும் நீரை அளந்தார்கள். அது சற்றே சூடாகக் காட்டும். இவ்விரண்டையும் அப்படியே ஒட்டவைத்தால் கடல் உண்மையில் சூடானதைவிட அதிகமாகச் சூடானதாகத் தோன்றும். எனவே பழைய அளவீடுகளை மேல்நோக்கித் திருத்துகிறார்கள். இதன் விளைவு பலர் நினைப்பதற்கு நேர்மாறானது: நிலத்தையும் கடலையும் சேர்த்துப் பார்க்கும்போது, திருத்திய கணக்கு காட்டும் நீண்டகால வெப்பமாதல், திருத்தாத கணக்கு காட்டுவதைவிடக் குறைவு.

இதையும் நம்ப மறுத்தவர்களில் ஒருவர் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர். வானிலை நிலையங்களைச் சுற்றி நகரங்கள் வளர்ந்ததால்தான் வெப்பம் கூடியதாகத் தெரிகிறதோ என்று ஐயுற்ற அவர், ஒரு குழுவைச் சேர்த்து எல்லாப் பதிவுகளையும் புதிதாக ஆராய்ந்தார். காலநிலைக் கொள்கைகளை எதிர்ப்பதில் பெயர்பெற்ற சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் அதற்கு நிதி தந்தது. நிலப்பரப்பின் வெப்பநிலை 250 ஆண்டுகளில் சுமார் 1.5 டிகிரி உயர்ந்திருக்கிறது என்றும், அதற்கு ஏறக்குறைய முழுக் காரணம் மனிதர்களே என்றும் 2012இல் அவர் அறிவித்தார்.

இன்னொரு நிகழ்வு இதைவிடச் சுவையானது. ராய் ஸ்பென்சர், ஜான் கிறிஸ்டி என்ற இரு ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் வழியாக வளிமண்டல வெப்பத்தைக் கணிக்கும் முறையை உருவாக்கினார்கள். 1990களில் அவர்களுடைய கணக்கில் வெப்பமாதல் தென்படவே இல்லை. ஐயுறுவோர் அனைவரும் அதையே கையில் எடுத்தார்கள். செயற்கைக்கோள் மெல்லத் தாழ்ந்துவருவதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று 1998இல் வேறொரு குழு காட்டியது. நாளின் எந்த நேரத்தில் அளவெடுக்கப்படுகிறது என்பதற்கான திருத்தத்தில் கூட்டல், கழித்தல் குறி மாறிவிட்டது என்று 2005இல் மீண்டும் காட்டப்பட்டது. அவ்விருவரும் பிழையை ஏற்றுத் திருத்திக்கொண்டார்கள். அவர்களுடைய கணக்கும் இன்று பத்தாண்டுக்குச் சுமார் 0.15 டிகிரி வெப்பமாதலைக் காட்டுகிறது. மற்றவர்களைக் காட்டிலும் குறைவான ஆபத்தையே அவர்கள் இன்றும் எதிர்பார்க்கிறார்கள். அது அவர்கள் உரிமை.

மின்னஞ்சல்களைப் பொறுத்தவரை, கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்திலிருந்து அவை வெளியானபின் நடந்த பல விசாரணைகளும் தரவுகள் புனையப்பட்டதாகக் கூறவில்லை. ஆனால் கேட்டவர்களுக்குத் தகவல் தருவதில் அந்த ஆய்வாளர்கள் வெளிப்படையாக நடந்துகொள்ளவில்லை என்று கண்டித்தன. அந்தக் கண்டனம் முற்றிலும் தகுதியானது. இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துபோகக்கூடும் என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2007 அறிக்கையில் இடம்பெற்ற வரியும் இத்தகையதே: ஆதாரமில்லாத அந்த வரி பல கட்ட மேலாய்வைத் தாண்டி அச்சேறியது, பனியாற்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டிய பிறகு 2010இல் அக்குழு வருத்தம் தெரிவித்தது.

கேள்வி: கரியமில வாயு தாவரங்களின் உணவு, குளிரில் இறப்பவர்களே அதிகம். அப்படியிருக்க வெப்பமாதல் நல்லது என்று ஏன் சொல்லக்கூடாது?

பதில்: இரண்டு செய்திகளும் உண்மை. அவற்றை மறைத்துப் பேசும் பிரசாரகர்கள் தங்கள் தரப்புக்கே தீங்கு செய்கிறார்கள். செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்த 2016ஆம் ஆண்டு ஆய்வு, தாவரங்கள் வளரும் நிலப்பரப்பில் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை பசுமை கூடியிருப்பதாகவும், அதற்குப் பெரும்பாலும் கரியமில வாயுவே காரணம் என்றும் கண்டது. 13 நாடுகளின் மரணப் பதிவுகளை ஆராய்ந்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், குளிரோடு தொடர்புடைய இறப்புகள் 7 சதவீதத்துக்குச் சற்று மேல். வெப்பத்தோடு தொடர்புடையவை அரை சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் 2014இல் வெளிவந்த வயல் சோதனை முடிவுகளின்படி, கரியமில வாயு மிகுந்த காற்றில் விளையும் கோதுமையிலும் நெல்லிலும் துத்தநாகம், இரும்பு, புரதம் ஆகியவை குறைகின்றன. மேலும், குளிர்நாட்டில் ஒருவர் தப்பிப் பிழைப்பதும் வெப்பநாட்டில் இன்னொருவர் வயலில் சுருண்டு விழுவதும் ஒரே கணக்கில் கழிந்துவிடும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: நாளைய மழையையே சரியாகச் சொல்ல முடியாத கணினி, நூறு ஆண்டுக்குப் பிந்தியதை எப்படிச் சொல்லும்?

பதில்: நாளைய மழை வேறு, முப்பது ஆண்டுச் சராசரி வேறு என்பதை விளக்கிப் பலர் எழுதிவிட்டார்கள். பழைய கணிப்புகள் என்னவாயின என்று பார்ப்பதே நேரான வழி. 1970 முதல் 2007 வரை வெளியான 17 கணிப்புகளை 2020இல் ஓர் ஆய்வு சோதித்தது. உண்மையில் வெளியான வாயுவின் அளவையும் கருத்தில் கொண்டபோது, அவற்றுள் 14 அளவீடுகளோடு ஒத்துப்போயின.

ஆனாலும் இந்தக் கணினி மாதிரிகள் மீதான ஐயத்துக்கு இன்னும் இடமிருக்கிறது. கரியமில வாயு இரட்டித்தால் வெப்பம் எவ்வளவு உயரும் என்ற கேள்விக்கு 1979இல் ஜூல் சார்னி தலைமையிலான அமெரிக்க அறிவியலாளர் குழு 1.5 முதல் 4.5 டிகிரி வரை என்று விடை தந்தது. 34 ஆண்டுகள் கழித்து, 2013இல், ஐபிசிசி தந்ததும் அதே வரம்புதான். அதன் 2021 அறிக்கையில்தான் அந்த வரம்பு 2.5 முதல் 4 வரை என்று குறுகியது. அந்த அறிக்கைக்காக உருவான புதிய மாதிரிகளில் சில நம்பமுடியாத அளவுக்குச் சூட்டைக் காட்டியதால், அவற்றின் சராசரியை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை. உலகம் நிலக்கரியை மேலும் மேலும் எரித்துக்கொண்டே போகும் என்று வைத்துக்கொண்ட ஓர் உச்சக் காட்சியை, 'வழக்கப்படி நடந்தால்' என்ற தலைப்பில் ஊடகங்கள் பல ஆண்டுகள் பரப்பின. அதை எதிர்த்த ஆய்வாளர்கள் சரியாகவே எதிர்த்தார்கள்.

கேள்வி: பூமி சூடாகிறது என்பதை நான் மறுக்கவில்லை. எரிபொருள் வரியைத்தான் எதிர்க்கிறேன். அதற்காக என்னை 'அறிவியல் மறுப்பாளன்' என்று ஏசுகிறார்கள். இது நியாயமா, ஐயா?

பதில்: நியாயமே இல்லை. இவ்வளவு பக்கங்களில் நான் சொல்ல விரும்புவதும் உங்கள் கேள்வியில்தான் இருக்கிறது. இன்ன அளவு வாயு சேர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ இவ்வளவு உயரும் என்று அறிவியல் சொல்லும். அதைத் தவிர்க்கும் செலவை யார் தலையில் ஏற்றுவது என்று அது சொல்லாது. அந்த முடிவை எடுக்க வேண்டிய அரசுகள், பொறுப்பைத் தாங்களே ஏற்பதற்குப் பதிலாக 'அறிவியல் கட்டளையிடுகிறது' என்று கூறித் தப்பிக்கின்றன. சுமக்க விரும்பாதவர்களும், 'இந்தப் பங்கீடு அநீதியானது' என்று நேராக எதிர்ப்பதை விட்டுவிட்டு, வெப்பமானியே பொய் சொல்கிறது என்கிறார்கள். விலை பற்றிய சண்டை இரண்டு பக்கத்தாராலும் இயற்பியல் பற்றிய சண்டையாக வேடம் போட்டுக்கொண்டு நடக்கிறது.

2018 நவம்பரில் பிரான்சில் மஞ்சள் மேலங்கி அணிந்து சாலைகளை மறித்தவர்களில் பெரும்பாலோர் வெப்பமாதலை மறுத்தவர்கள் அல்லர். வேலைக்குச் செல்ல வாகனத்தைத் தவிர வேறு வழியில்லாத சிற்றூர்வாசிகள் மீது எரிபொருள் வரி ஏறிக்கொண்டிருந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் பெருஞ்செல்வர்கள் மீதான சொத்து வரி, அசையாச் சொத்துகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டிருந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு விளங்கிய பொருள் தவறானதன்று. அரசும் அவ்வாண்டு டிசம்பரில் வரி உயர்வைக் கைவிட்டது. ஸ்வீடன் 1991இல் கார்பன் வரியைக் கொண்டுவந்தபோது வருமான வரியைக் குறைத்தது. சுவிட்சர்லாந்து அத்தகைய கட்டணத்தில் பெரும் பகுதியை மக்களுக்கும் நிறுவனங்களுக்கும் திருப்பித் தருகிறது. வரி ஒன்றுதான், அமைப்பு வேறு.

மோசடிக்கு இடம் தந்த திட்டங்களும் உண்டு. வாயு வெளியீட்டைக் குறைப்பதற்கான கியோட்டோ ஒப்பந்தத்தின் கீழ், குளிரூட்டி வாயு தயாரிக்கையில் கழிவாக வெளிவரும் எச்எஃப்சி-23 என்ற வாயுவை அழித்தால், விற்றுப் பணமாக்கக்கூடிய கார்பன் வரவுகள் கிடைத்தன. அது கரியமில வாயுவைப் போல் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடிப்பது என்பதால் வரவுகள் குவிந்தன. கழிவை அழிப்பதில் கிடைத்த பணம் விற்பனைப் பொருளில் கிடைத்ததை மிஞ்சியது. கழிவுக்காகவே உற்பத்தியைக் கூட்டுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்து, ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் அவ்வரவுகளை ஏற்க மறுத்துவிட்டது. இதைக் கண்டுபிடித்து அம்பலப்படுத்தியோரில் சூழலியலாளர்களே முன்னின்றார்கள்.

எவ்வளவு வேகமாகச் செயல்படுவது என்பதில் பொருளியல் அறிஞர்களே உடன்படுவதில்லை. நிக்கோலஸ் ஸ்டெர்ன் 2006இல் உடனடியாகப் பெரும் செலவு செய்ய வேண்டும் என்றார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற வில்லியம் நோர்ட்ஹாஸ் படிப்படியாகக் கூட்டலாம் என்றார். வேறுபாட்டின் பெரும்பகுதி, எதிர்கால இழப்பை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் தள்ளுபடி விகிதத்தில் இருந்தது. ஸ்டெர்ன் எடுத்துக்கொண்ட 1.4 சதவீதத்தில், நூறு ஆண்டு கழித்து நேரும் இழப்புக்கு இன்றைய மதிப்பு அதில் கால் பங்கு. அதுவே 5 சதவீதம் என்றால் நூற்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. பிறக்காத தலைமுறைக்கு நாம் எவ்வளவு மதிப்புத் தருகிறோம் என்பதுதான் அந்த விகிதத்துக்குள் இருக்கிறது. எந்த வெப்பமானியும் அதை அளந்து தராது.

கேள்வி: எண்ணெய் நிறுவனங்களிடம் பணம் வாங்கியவர்கள் கிளப்பிவிட்ட புரளிதானே இந்த ஐயமெல்லாம்? அதற்கு ஏன் இவ்வளவு இடம் தருகிறீர்கள்?

பதில்: எக்ஸான் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகள் 1970களின் இறுதியிலிருந்து செய்த வெப்பநிலைக் கணிப்புகள் பெரும்பாலும் பலித்தன என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது, அந்த நிறுவனம் வெளியுலகில் நெடுங்காலம் பேசியது வேறு. எனவே உங்கள் கோபத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் எனக்குக் கடிதம் எழுதுபவர்களுக்கு எவரும் பணம் தரவில்லை. அமெரிக்காவில் டான் கஹனும் பிறரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், அறிவியல் அறிவு மிகுந்தவர்களிடையே இப்பொருள் குறித்த பிளவு குறையவில்லை, சற்றே கூடியிருந்தது. அறிந்தவர்கள் தம் அறிவைத் தம் கூட்டத்தின் முடிவுக்கு வாதம் தேடப் பயன்படுத்துகிறார்கள். அவர்களை விலைபோனவர்கள் என்று ஏசினால் கூட்டம் இன்னும் இறுகும்.

ஐயுறுவோரின் எண்ணிக்கையையும் நாம் மிகையாகவே நினைத்துக்கொள்கிறோம். 125 நாடுகளில் சுமார் 1,30,000 பேரிடம் எடுத்து 2024இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், வருமானத்தில் ஒரு சதவீதத்தை வெப்பமாதலைத் தடுக்கத் தருவேன் என்றவர்கள் 69 சதவீதம். உங்கள் நாட்டில் எத்தனை பேர் தருவார்கள் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன சராசரி 43.

கேள்வி: எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறீர்கள். எது நடந்தால் நீங்கள் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?

பதில்: மூன்றைச் சொல்கிறேன். கூடுதல் வெப்பத்தில் சுமார் 90 சதவீதம் கடலுக்குள்தான் போகிறது. அதை ஆர்கோ என்ற பெயரில் ஏறத்தாழ 4,000 மிதவைக் கருவிகள் 2,000 மீட்டர் ஆழம் வரை அளந்துவருகின்றன. பெரிய எரிமலை வெடிப்பு எதுவுமின்றிப் பத்தாண்டுகள் தொடர்ந்து கடல் வெப்பத்தை இழந்தால், மாற்றிக்கொள்வேன். கரியமில வாயு கூடிக்கொண்டிருக்கையில் மேல் அடுக்குமண்டலம் குளிர்வதை நிறுத்திச் சூடாகத் தொடங்கினால், மாற்றிக்கொள்வேன். மூன்றாவது மேகங்கள்: பூமி சூடாகும்போது வெப்பமண்டலத்தின் உயர்மேகப் பரப்பு சுருங்கி, வெப்பத்தை வெளியே விட்டுத் தன்னைத்தானே பெருமளவு சரிசெய்துகொள்ளும் என்று வளிமண்டல ஆய்வாளர் ரிச்சர்ட் லிண்ட்சன் 2001இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். அதன் பின் செய்யப்பட்ட சோதனைகளில் அத்தகைய வலுவான விளைவு தென்படவில்லை. இனி வரும் அளவீடுகளில் அது உறுதிப்பட்டால், ஆபத்து பற்றிய என் கணக்கை வெகுவாகக் குறைத்துக்கொள்வேன்.

இதே கேள்வியை உங்களிடம் திருப்பிக் கேட்கிறேன். எது நடந்தால் நீங்கள் மாற்றிக்கொள்வீர்கள் என்று எழுதுங்கள், வெளியிடுகிறோம்.